அப்பாவுக்குக் கிட்னியில் நீர்க்கட்டி என்றால் பிள்ளைக்கும் பாருங்கள்

மும்பையில் தாராவி, செம்பூர், சயான் பக்கமிருந்து வரும் நம் குடும்பங்களிடம் எத்தனை முறைதான் சொல்வது! போன வாரமும் அதே கதை. அப்பா கிட்னியில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோயால் டயாலிசிஸில் இருக்கிறார். 38 வயது மகன் தலைவலி என்று வந்தார். பி.பி. 170/110. வயிற்றில் கை வைத்தாலே இரண்டு கிட்னியும் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டன. கிட்னி வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவான கிரியேட்டினின் 3.4, அதாவது கிட்னி ரொம்பவே கெட்டுவிட்டது. "இதுக்கு மருந்தே இல்லையாமே டாக்டர், பார்த்து என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டோம்" என்றார் அம்மா.

மருந்தே இல்லை என்று யார் சொன்னது? முழுசாகக் குணமாக்கும் மருந்து இல்லை, அவ்வளவுதான். கட்டி வளரும் வேகத்தை டோல்வாப்டான் என்ற மாத்திரை குறைக்கும் என்று 2012-லேயே தெரிந்துவிட்டது. 2018-ல் அமெரிக்கா அனுமதித்தது. அதற்கு லிவர் டெஸ்ட் விடாமல் பார்க்க வேண்டும், எல்லோருக்கும் ஒத்துவராது. சரி, அதை விடுங்கள். கிட்னி இன்னும் நன்றாக வேலை செய்யும் இளவயதுக்காரர்களுக்கு பி.பி.-யை 110/75-க்குள் கொண்டுவந்தால் கட்டிகள் மெதுவாகத்தான் வளர்கின்றன என்று 2014-ல் வந்த ஆய்வு காட்டியது. கொடுத்தது தெருமுனைக் கடையில் கிடைக்கும் பி.பி. மாத்திரைகள்தான்!

இனி வரப்போவதையும் கேளுங்கள். இந்த நோய்க்குக் காரணமான, முடங்கிய மரபணுவை எலிகளில் மறுபடி இயங்க வைத்தபோது, வளர்ந்த கட்டிகளே சுருங்கின. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்டது இது. மரபணுக்களின் வேலையை அடக்கிவைக்கும் சின்ன மூலக்கூறான மைக்ரோ ஆர்.என்.ஏ-வைத் தடுக்கும் ஊசி ஒன்று மனிதர்களிடம் ஆரம்பக்கட்டச் சோதனையைத் தாண்டியிருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் சாப்பிடும் மெட்ஃபார்மினையும் சோதித்து வருகிறார்கள். ஆனால் இப்படிப்பட்ட சோதனைகளுக்குப் பெரும்பாலும் கிட்னி ஓரளவு நன்றாக இருப்பவர்களைத்தான் எடுப்பார்கள், எம்.ஆர்.ஐ.-யில் கிட்னியின் பருமனை அளந்து. 3.4-ல் வருபவரை நான் எங்கே அனுப்புவேன்?

கிரியேட்டினின் நார்மல் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கிட்னி பல வருடம் வீங்கிக்கொண்டே போகும், அந்த எண் அசையாது. "அக்காவுக்கு வந்துடுச்சு, எனக்கு வராது" என்ற கணக்கும் தப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

சின்னப் பிள்ளைகளுக்கு வருடம் ஒருமுறை பி.பி. பாருங்கள். 18 தாண்டியவர்கள் டாக்டரிடம் பேசிவிட்டு அல்ட்ராசவுண்ட் எடுங்கள். 40-க்குள் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் அதோடு முடிந்ததாக நினைக்க வேண்டாம். உப்பு, ஊறுகாய், கருவாடு குறையுங்கள். இடுப்பு வலிக்கு நீங்களாக டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பொண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று ரிப்போர்ட்டை ஒளிக்கும் அம்மாக்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன்: வெளியில் யாரிடமும் சொல்ல வேண்டாம், அந்தப் பெண்ணிடமாவது சொல்லிவிடுங்கள்.