ஆஸ்பத்திரில வேலை பாக்கிறீங்களா? சொந்தக்காரர் கம்பெனி விஷயத்த முதல்லயே சொல்லிடுங்க

பர்ச்சேஸ் கமிட்டி, எதிக்ஸ் கமிட்டின்னு ரெண்டு பக்கமும் உக்காந்து பாத்தவன்ங்கிற முறையில சொல்றேன், கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட், அதாவது நம்ம சொந்த லாபமோ உறவோ வேலையில எடுக்கிற முடிவுக்குள்ள நுழையுற நிலைமை, அப்படின்னு வாய தொறந்தாலே எல்லாரும் அத லஞ்சம்னு எடுத்துக்கிட்டு "நான் அந்த மாதிரி ஆள் இல்ல சார்"னு கோவப்படுறாங்க. அட, யாருங்க உங்கள திருடன்னு சொன்னது? உங்க தம்பி சர்ஜிக்கல் ஐட்டம் சப்ளை பண்றது ஒரு குத்தமும் இல்ல. அவரோட கொட்டேஷன் இருக்கிற ஃபைல்ல நீங்க ஒண்ணும் சொல்லாம கையெழுத்து போடுறீங்க பாருங்க, அதுதான் பிரச்சனை. அவர் ரேட் நெசமாவே கம்மியா இருந்தாலும் அது பிரச்சனைதான், ஏன்னா ஆடிட்ல கேள்வி வந்தா நீங்க நியாயமா முடிவெடுத்தீங்கன்னு காட்ட கையில ஒண்ணும் இருக்காது.

இது டாக்டருங்க சமாச்சாரம், நமக்கென்னன்னு ஸ்டோர்ஸ்ல இருக்கிறவங்க, மெஷின்கள பாத்துக்கிற பயோமெடிக்கல் ஆளுங்க, பில்லிங், வார்டு நர்ஸ் எல்லாரும் நெனைக்கிறாங்க. அமெரிக்காவுல 2010ல சன்ஷைன் ஆக்ட்னு ஒண்ணு வந்துச்சு, மருந்து கம்பெனியும் டிவைஸ் கம்பெனியும் டாக்டருங்களுக்கு குடுக்கிற பணம், பரிசு மாதிரி விஷயங்கள அரசாங்கத்துக்கு ரிப்போர்ட் பண்ணணும்னு. 2021லேர்ந்து டாக்டரா இல்லாட்டியும் அங்க மருந்து எழுதுற நர்ஸ் பிராக்டிஷனர், பிசிஷியன் அசிஸ்டென்ட் வரைக்கும் அந்த லிஸ்ட்ல சேத்துட்டாங்க. கம்பெனிக்காரனுக்கு யார புடிச்சா வேலை நடக்கும்னு நல்லா தெரியும், அவன் பின்னாடியே சட்டமும் போகுது, அவ்ளோதான்.

நான் அடிக்கடி பாக்கிறது ஸ்பெசிஃபிகேஷன்ல, அதாவது வாங்குற பொருள் எப்படி இருக்கணும்னு எழுதுற பேப்பர்ல, நடக்கிற வேலை. ஒரு பேஷண்ட் மானிட்டர் வாங்கணும்னு பேப்பர் வரும், ஸ்கிரீன் சைஸ் 12.1 இன்ச், எடை இத்தன கிலோவுக்குள்ள, கைப்பிடி மேல் பக்கம்தான் இருக்கணும்னு போட்டிருக்கும். ஐசியூல ஒரு பேஷண்ட பாத்துக்க கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தா என்ன? கம்பெனி பிரோஷர எடுத்து வெச்சு பாத்தா வரிக்கு வரி அதேதான், ஸ்பெல்லிங் மிஸ்டேக் கூட மாறல! இதுல பணம் கை மாறியிருக்கணும்னு அவசியமே இல்ல, பல சமயம் ரெப் (கம்பெனியோட விற்பனை ஆள்) நல்லா பழகுற மனுஷன், "நானே டைப் பண்ணி தரேன் சார்"னு சொல்லியிருப்பாரு, இவரும் வேலை மிச்சம்னு வாங்கி அப்படியே அனுப்பியிருப்பாரு. ஆனா போட்டிக்கு வர வேண்டிய மத்த கம்பெனியெல்லாம் அங்கயே அவுட். லேப்லயும் இதே கதைதான், மெஷின் ஃப்ரீன்னு வெச்சுட்டு போவாங்க, டெஸ்ட்டுக்கு போடுற கெமிக்கல், அதான் ரீஏஜென்ட், மட்டும் வருஷக்கணக்கா அவங்ககிட்டதான் வாங்கணும். அது தப்பில்ல, நெறைய எடத்துல அப்படித்தான் ஓடுது, ஆனா அந்த அக்ரிமென்ட்டுக்கு ரெகமெண்ட் பண்ணினவரே அதே கம்பெனி செலவுல கான்ஃபரன்ஸ் போய்ட்டு வந்தா யாரு நம்புவா?

"ஒரு பேனா, ஒரு சாப்பாடு, இதுக்கெல்லாம் மனசு மாறிடுமா"ன்னு கேப்பாங்க. 2016ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, கிட்டத்தட்ட 2,80,000 டாக்டருங்க டேட்டா, இருபது டாலருக்கும் கொறஞ்ச ஒரே ஒரு சாப்பாடு வாங்கிக்கிட்டவங்ககிட்ட கூட அந்த பிராண்ட் மருந்த எழுதுறது அதிகமா இருந்துச்சு. சாப்பாடுதான் காரணம்னு அந்த ஆய்வு சொல்லல, ரெண்டும் சேந்தே இருக்குன்னுதான் சொல்லுது. எனக்கு அதுவே போதும்.

பேஷண்ட் பக்கமும் ரெண்டு விஷயம் இருக்கு. டிஸ்சார்ஜ் ஆகுறவங்ககிட்ட தனியா நம்பர் குடுத்து "வீட்டுக்கு வந்து பாத்துக்கிறேன்"னு பேசுறது, தெரிஞ்சவங்க அட்மிட் ஆனா சும்மா ரெக்கார்ட தொறந்து பாக்கிறது. ரெண்டாவதுக்கு கம்ப்யூட்டர்ல யாரு எப்ப பாத்தாங்கன்னு பதிவு (லாக்) இருக்கும், மறந்துடாதீங்க.

சரி, என்ன பண்ணணும்? எழுத்துல சொல்லுங்க. "இந்த கம்பெனில என் மனைவியோட அண்ணன் பார்ட்னர், அதனால இந்த ஃபைல்லேர்ந்து ஒதுங்கிக்கிறேன்"னு ஒரு மெயில் போதும். வாயால சொன்னது கணக்குல வராது, நீங்க யார்கிட்ட சொன்னீங்களோ அவர் டிரான்ஸ்ஃபர் ஆனா போச்சு. மீட்டிங்ல அந்த ஐட்டம் வரும்போது வெளிய போங்க, உள்ளயே உக்காந்துக்கிட்டு ஓட்டு மட்டும் போடாம இருக்கிறது பத்தாது, நீங்க எதிர்ல இருக்கும்போது உங்க ஜூனியர் எப்படி வேற கம்பெனி பேர சொல்லுவாரு? வெளிய போன நேரம், திரும்ப வந்த நேரம் ரெண்டையும் மினிட்ஸ்ல (மீட்டிங் குறிப்புல) எழுத சொல்லுங்க.

அப்புறம், ஒரு கம்பெனியோட கொட்டேஷன் உங்க டேபிள்ல இருக்கும்போது அதே கம்பெனி "எங்ககிட்ட வேலைக்கு வரீங்களா"ன்னு கேட்டா, நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தாலும், அன்னைக்கே மேலதிகாரிக்கு மெயில் போட்டுட்டு ஃபைல அடுத்தவர்கிட்ட குடுத்துடுங்க.