லேண்ட் யாட் – படகு கார்

பொருள்: அமெரிக்காவில் 1970களின் இறுதிவரை வந்த, ஆறு மீட்டரை நெருங்கும் நீளமுள்ள சொகுசுக் கார்களுக்கான பட்டப்பெயர். காடிலாக் ஃபிளீட்வுட், லிங்கன் கான்டினென்டல், கிரைஸ்லர் இம்பீரியல் எல்லாம் இந்த வகை. கேலியாக வைத்த பெயரை இன்று அந்தக் கார்ப் பிரியர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

சொல் வந்த வழி: யாட் என்பதன் வேர் டச்சு மொழியில் வேட்டையைக் குறிக்கும் சொல். விரட்டிப் பிடிப்பதற்கான வேகப் படகுக்கு அந்தப் பெயர். 1660இல் ஆம்ஸ்டர்டாம் நகரம் இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு அப்படி ஒரு படகைப் பரிசளித்தது. இங்கிலாந்தில் அது உல்லாசப் படகு ஆனது. பாய் கட்டி மணலில் ஓட்டும் சக்கர வண்டிக்கும் ஆங்கிலத்தில் லேண்ட் யாட் என்றுதான் பெயர். காருக்கு அது பிறகு ஒட்டிக்கொண்டது.

நீளம் மட்டும் காரணமில்லை. பெரும்பாலும் தனிச் சட்டகத்தின் மேல் ரப்பர் தாங்கிகளை வைத்து பாடியை உட்கார்த்தியிருப்பார்கள். இளகிய சுருள் ஸ்பிரிங், இளகிய ஷாக் அப்சார்பர், 3.3 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்). மேட்டில் ஏறி இறங்கினால் வண்டி நிதானமாக எழுந்து அமரும். பிரேக் மிதித்தால் மூக்கைக் குத்தும். ஸ்டீயரிங்கை ஒரு விரலால் சுற்றலாம், ஆனால் சாலை கைக்குத் தெரியாது. ஒரு மூலையை அழுத்தி விட்டுப் பாருங்கள்: ஒருமுறை எழுந்து அடங்கினால் அது கம்பெனி கொடுத்த ஆட்டம், இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது.

1976 காடிலாக் டிவில்லின் நீளம் 586 செ.மீ., எஞ்சின் 8.2 லிட்டர். அரபு நாடுகளின் 1973 எண்ணெய்த் தடைக்குப் பின், 1975இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. 1978இல் கேலனுக்குச் சராசரி 18 மைல், 1985க்குள் 27.5 என்று இலக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் 1977லேயே டிவில்லை 562 செ.மீ.க்குக் குறைத்தது. லிங்கன் 1979 வரை பிடிவாதமாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், எஸ்யூவியும் அடங்கும் லாரி வகைக்கு அந்தச் சட்டம் தளர்வான இலக்கை வைத்ததால் பெரிய வண்டி கேட்டவர்கள் எஸ்யூவிக்குப் போனார்கள். டெக்சஸின் ஆர்லிங்டன் ஆலை 1996இல் ஃபிளீட்வுட்டை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பியது. லிங்கன் டவுன் கார் மட்டும் வாடகை ஓட்டத்தின் தயவில் 2011 வரை தாக்குப்பிடித்தது.

மிஞ்சியதை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை வேறு. காடிலாக்கின் 7.7, 8.2 லிட்டர் எஞ்சின்களில் டைமிங் செயின் (வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைச் சுழற்றும் சங்கிலி) ஓடும் கேம் பல்சக்கரத்தின் பற்கள் நைலான். காலப்போக்கில் அது நொறுங்கி, துண்டுகள் எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியில் விழுந்து, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். ஆயில் அழுத்தம் விழும், பேரிங் தேயும். உலோகச் சக்கரம் மாற்றும்போது அந்தத் தொட்டியையும் கழற்றிக் கழுவாவிட்டால் பாதி வேலைதான். பம்பரையும் பாடியையும் இணைக்கும் பிளாஸ்டிக் தகடுகள் தொட்டால் உதிரும். வினைல் கூரைக்கு அடியில் ஈரம் தங்கி, பின்கண்ணாடி ஓரத்தில் துரு ஆரம்பிக்கும். லிங்கனில் ஹெட்லைட் மூடிகளை இழுத்துப் பிடிப்பது காற்று உறிஞ்சப்பட்ட வெற்றிடக் குழாய்; அது கசிந்தால், நிறுத்தி வைத்த வண்டி தானாகக் கண்ணைத் திறந்துகொள்ளும். வாங்கும் முன் கராஜையும் அளந்துவிடுங்கள்: 20 அடி நீளக் கராஜில் 1976 ஃபிளீட்வுட் பிரோம் நுழைந்தால் ஆறு அங்குலம்தான் மிச்சம். நான்கு கதவு வண்டியைப் பழுதுபார்க்கும் செலவு பெரும்பாலும் அதன் விலையைத் தாண்டிவிடும். நல்ல பாடிகள் பலவும் மோதல் பந்தயங்களில் நொறுங்கிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழில்: நிலக்கலம், தரைப்படகு என்றெல்லாம் ஆக்கலாம், யாரும் சொல்லமாட்டார்கள். பழைய இம்பாலாவையும் பிளிமத்தையும் பார்த்துத் தமிழ்நாட்டில் 'படகு கார்' என்று சொல்லிவருகிறோமே, அதுவே போதும். தனித்தமிழ் வேண்டுவோர் 'படகு மகிழுந்து' எனலாம். தண்ணீரிலும் ஓடும் வண்டிக்கு மட்டும் இந்தச் சொல்லைத் தராதீர்கள். அது நீர்நில ஊர்தி.