பேட்டரிப் பையை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பறப்பது ஏடிஆர் 72. இறக்கையில் விசிறி சுழலும் சின்ன விமானம். இருக்கைக்கு மேலே உள்ள பெட்டியில் நடுத்தர ட்ராலியே முட்டும். ஒரு கல்யாணத்தைப் படம்பிடிக்க ஏறப் போனபோது, படியருகே நின்ற ஊழியர் என் கேமரா பையைப் பார்த்துவிட்டு, "சார், இது உள்ள போகாது. கீழ போட்டுடறோம், இறங்கினதும் வாங்கிக்கலாம்" என்றார். டேக் கட்டும்போது கேட்டார்: "பேட்டரி எதுவும் இருக்கா?"

இருந்தது. எட்டு கேமரா பேட்டரி, ஃபிளாஷுக்கு இரண்டு, ஒரு பவர் பேங்க். எல்லாம் லென்ஸ்களுக்கு அடியில். வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின்னால் வரிசை முறைக்க, ஒவ்வொரு லென்ஸாக எடுத்து உதவியாளர் தம்பியின் கையில் அடுக்கினேன். முழுக்க என் தப்பு. கையில்தானே கொண்டுபோகிறோம், பிறகென்ன என்று அடுக்கியிருந்தேன். ஹேண்ட் லக்கேஜ் என்பது விமான வாசல் வரைக்கும்தான் நம் கையில் இருக்கும் என்பது அன்று புரிந்தது. பெரிய விமானத்திலும் கடைசியில் ஏறினால் இதே கதைதான்.

உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் சரக்கறைக்குப் போகக்கூடாது. இது உலகம் முழுக்க உள்ள விதி. ஒரு பேட்டரி உள்ளுக்குள் சூடேறிப் பற்றினால், அந்தச் சூடு பக்கத்துப் பேட்டரியையும் பற்றவைக்கும். சரக்கறையில் இருக்கும் தீயணைப்பு வாயு சுடரை அடக்கலாம், பேட்டரிக்குள் நடப்பதை நிறுத்தாது. பயணிகள் பகுதி என்றால் யாராவது புகையைப் பார்ப்பார்கள், பணிப்பெண்கள் தண்ணீரோடு ஓடிவருவார்கள். 2025 ஜனவரி 28-ல் தென்கொரியாவின் பூசான் விமான நிலையத்தில், கிளம்பத் தயாராக நின்ற விமானம் ஒன்று தீப்பிடித்தது. இருக்கைக்கு மேல்பெட்டியில் இருந்த பவர் பேங்க் மீதுதான் சந்தேகம் விழுந்தது. அதன்பின் பவர் பேங்கை மேல்பெட்டியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்று அந்நாடு விதி கொண்டுவந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தவே விடுவதில்லை.

எவ்வளவு கொண்டுபோகலாம் என்பது 'வாட்-ஹவர்' கணக்கு, அதாவது பேட்டரிக்குள் அடங்கும் மின்சக்தியின் அளவு. 100 வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு இரண்டு பேட்டரி. அதற்கு மேல் கிடையாது. பேட்டரியில் போட்டிருக்கும் மில்லி ஆம்பியர்-ஹவரை (mAh) வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் விடை. 20,000 மில்லி ஆம்பியர்-ஹவர் பவர் பேங்க் 3.7 வோல்ட்டில் 74. அதே கணக்கில் 30,000 என்றால் 111. நம் சோனி கேமராவின் என்பி-எஃப்இசட்100 பேட்டரி வெறும் 16.4 தான். எண் அழிந்துபோன பழைய பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். செக்யூரிட்டியில் நம் வாய்வார்த்தையை நம்ப மாட்டார்கள்.

இப்போது என் பேட்டரிகள் ஒரு சின்ன ஜிப் பையில், ஒவ்வொன்றும் அதன் மூடியோடு. மூடி தொலைந்தவற்றின் முனையில் இன்சுலேஷன் டேப். அந்தப் பை எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே. யாராவது கேமரா பையைக் கேட்டால், ஜிப்பைத் திறந்து அதை உருவ ஐந்து விநாடி.

அடுத்தது எடை. பல நிறுவனங்களில் எகானமி பயணியின் ஹேண்ட் லக்கேஜுக்கு 7 கிலோ. சோனி ஏ7 IV கேமரா இரண்டு 1,316 கிராம். லென்ஸ்களில் 24-70 ஜிஎம் II 695, 70-200 ஜிஎம் II 1,045, 85 எஃப்1.8 ஒன்று 371. ஆக சுமார் மூன்றரைக் கிலோ. நல்ல கேமரா பை தானே இரண்டு கிலோ இழுக்கும், லேப்டாப் ஒன்றரை. உதிரி பேட்டரியும் ஃபிளாஷும் சேரும் முன்பே ஏழு ஆகிவிட்டது! நான் கண்ட வழி, பையை மாற்றியதுதான். எடை குறைந்த சாதாரணத் துணிப்பைக்குள் லென்ஸ் தடுப்பு மட்டும். ட்ரைபாட், லைட் ஸ்டாண்ட், சார்ஜர், பேட்டரி கழற்றிய ஃபிளாஷ் எல்லாம் துணிகளுக்கு நடுவே பெரிய பெட்டியில். லென்ஸ் மட்டும் அங்கே போகாது. சர்வதேசப் பயணத்தில் பெட்டி தொலைந்தால் விமானப் பயண இழப்பீட்டுக்கான மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி உச்சபட்ச இழப்பீடு 1,519 எஸ்டிஆர் (ஐஎம்எஃப்பின் கணக்குப் பணம்). நம் பணத்தில் இரண்டு லட்சத்தை ஒட்டி வரும். நல்ல 70-200 ஒன்றின் விலையே அதைத் தாண்டும்.

பலர் மறப்பது கஸ்டம்ஸ். போகும்போது அல்ல, திரும்பும்போதுதான் கேள்வி வரும்: "இதை எங்க வாங்கினீங்க?" பில் இல்லாவிட்டால் புதுசு போலப் பளபளக்கும் கேமராவுக்கு வரி கேட்கலாம். கிளம்பும் அன்றே விமான நிலையக் கஸ்டம்ஸில் இவை இங்கிருந்தே கொண்டுபோனவை என்று காட்டும் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்டை சீரியல் எண்களோடு வாங்கிவிடுங்கள். பொருளை நேரில் பார்த்துத்தான் எழுதுவார்கள், அதனால் செக்-இன்னில் பெட்டியைக் கொடுக்கும் முன்பே போக வேண்டும். பெரிய குழுவாகப் போகிறவர்களுக்கு ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு தரும் ஏடிஏ கார்னெட் உண்டு. பொருளை வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான ஆவணம், ஓராண்டு செல்லும். டூரிஸ்ட் விசாவில் சம்பளத்துக்குப் படம் எடுக்கும் சமாச்சாரம் தனி. மூன்று கேமராவைப் பார்த்தால் இமிகிரேஷன் அதிகாரி கேட்கத்தான் செய்வார்.

ட்ரோனைப் பற்றி ஒரே வரி: போகும் நாடு அனுமதிக்கிறதா என்று பார்க்காமல் எடுத்துப் போகாதீர்கள். மொராக்கோவில் கஸ்டம்ஸிலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கி வரும் எண்ணமும் வேண்டாம், 2022 பிப்ரவரியில் இந்தியா ட்ரோன் இறக்குமதியைத் தடைசெய்துவிட்டது. ஃபிலிமில் எடுக்கும் நண்பர்கள், விமான நிலையச் செக்யூரிட்டியின் புதிய சிடி ஸ்கேனர்களில் ரோலை விடாமல் கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரே முறை போனாலும் படத்தில் புகைமூட்டம்போல் மங்கல் படியும்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். கேமராவை இன்னொன்று வாங்கலாம், முகூர்த்தத்தை மறுபடி நடத்த முடியாது. மெமரி கார்டுகள் என் கழுத்துப் பையில், சட்டைக்குள். ஒரு ஹார்ட் டிஸ்க் தம்பியின் பையில். இன்னொரு ஹார்ட் டிஸ்கைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் போட்டுவிடுவேன். அதில்தான் பேட்டரி கிடையாதே.