அடுப்பு எரிய எரியக் குளிரும் பெட்டி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் செம்பாறை மலைகள். மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வாடகைக்கு எடுத்த ஆர்வியில் நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. படுக்கை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டிதான் ஆர்வி. ஊருக்கு வெளியே அரசுப் பொது நிலத்தில், கரன்ட் குழாய்த்தண்ணீர் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். தரை முன்பக்கமாகச் சரிந்திருந்தது. தலையணையை மேட்டுப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டோம்.

காலையில் முதலில் எழுந்தது என் மனைவி. "ஏங்க, மாவு பொங்கிருச்சு" என்று குரல் வந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தால், டப்பாவின் மூடியைத் தள்ளிக்கொண்டு இட்லி மாவு கீழ்த்தட்டில் வழிந்திருந்தது. பால் தொட்டாலே வெதுவெதுப்பு. ஃபிரிட்ஜின் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. கேஸ் சிலிண்டரும் நிறைந்தே இருந்தது. வண்டியின் வெளிப்புறத்தில், ஃபிரிட்ஜின் முதுகுக்கு நேராக உள்ள ஜன்னல் போன்ற கதவைத் திறந்தால், நீல நிறத்தில் ஒரு சிறு தீ நின்று எரிகிறது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, குளிரைத் தவிர.

பக்கத்து வண்டியில் இருந்த பெரியவர் வந்து பார்த்தார். கையில் ஒரு சின்ன ரசமட்டம், நம் கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, அதே சாமான். அதை ஃப்ரீசரின் தரையில் வைத்தார். குமிழ் ஓர் ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. ஃபிரிட்ஜை அணைக்கச் சொன்னார். முன்சக்கரங்களுக்கு அடியில் பலகைகளை வைத்து வண்டியை ஏற்றி நிறுத்தினோம். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போட்டோம். சாயங்காலம் பால் சில்லென்று இருந்தது.

வண்டி சாய்ந்தால் ஃபிரிட்ஜ் ஏன் வேலைநிறுத்தம் செய்ய வேண்டும்? அதைவிட, தீயை வைத்து எப்படிக் குளிரவைக்க முடியும்? அன்று முழுக்க என் மனம் இதிலேயேதான் கிடந்தது.

நம் வீட்டு ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் இருக்கிறது. அது வாயுவை அழுத்திச் சுற்றவிடுகிறது, அதற்கு மோட்டார் வேண்டும், மோட்டாருக்குக் கரன்ட் வேண்டும். ஆர்வி ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலானவை பல ஆண்டுகளாக வேறு வகை. உறிஞ்சு முறை ஃபிரிட்ஜ் என்று சொல்லலாம். அதில் கம்ப்ரசர் கிடையாது, பம்ப் கிடையாது, அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் சத்தமும் கிடையாது. ஓட்டல் அறைகளில் குட்டி ஃபிரிட்ஜ் சத்தமே இல்லாமல் நின்றால், அதுவும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு மாணவர்கள். பால்ட்ஸார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இருவரும் ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1922-ல், இந்த வடிவத்துக்கு வந்தார்கள். எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை வாங்கி 1925-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அம்மோனியாவையும் தண்ணீரையும் வைத்துக் குளிரூட்டுவது அதற்கு முன்பே, 1859-ல், பிரான்சின் ஃபெர்டினான்ட் கார்ரே செய்துகாட்டிய விஷயம். ஆனால் அவருடைய இயந்திரத்துக்கு ஒரு பம்ப் தேவைப்பட்டது. அந்தப் பம்பைத் தூக்கி எறிந்ததுதான் இந்த மாணவர்களின் சாதனை. ஐன்ஸ்டைனும் இயற்பியலாளர் லியோ ஸிலார்டும்கூடச் சில ஆண்டுகள் கழித்து இதே வழியில் யோசித்து, அசையும் பாகம் இல்லாத ஒரு ஃபிரிட்ஜுக்கு 1930-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள்.

மூடி முத்திரை வைத்த இரும்புக் குழாய்களுக்குள் மூன்றே பொருள்கள்: அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் சோடியம் குரோமேட் என்ற மஞ்சள் உப்பு. உள்ளே அழுத்தம் நம் வளிமண்டலத்தைப்போல இருபது மடங்குக்கும் மேல். எங்கேயும் வால்வு கிடையாது, ஆகவே மேலிருந்து கீழ்வரை எல்லா இடத்திலும் மொத்த அழுத்தம் ஒன்றேதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், விளையாட்டே இதில்தான் இருக்கிறது.

அடியில் ஒரு சிறு கொதிகலன். அதற்குக் கீழே கேஸ் தீ. அம்மோனியா கரைந்த தண்ணீர் அங்கே சூடாகிக் குமிழியிடுகிறது. அந்தக் குமிழிகள் ஒரு மெல்லிய குழாய் வழியாக மேலே ஏறும்போது, இடையிடையே உள்ள தண்ணீரையும் தள்ளிக்கொண்டு போகின்றன. மீன்தொட்டியில் காற்றுக்குமிழி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மேலே வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவேதான். இந்த ஃபிரிட்ஜின் பம்ப் இந்தக் குமிழி மட்டும்தான்.

மேலே போனதும் அம்மோனியா ஆவியாகப் பிரிகிறது. தண்ணீர் வேறு வழியில் இறங்குகிறது. தனியான அம்மோனியா, ஃபிரிட்ஜின் முதுகில் உச்சியில் இருக்கும் தகடு வைத்த குழாய்க்குள் நுழைகிறது. அந்த அழுத்தத்தில் அம்மோனியா ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே போதும், திரவமாகிவிடும். வெளிக்காற்று பட்டு அது திரவமாகி, சரிவில் வழிந்து பெட்டிக்குள் இருக்கும் குழாய்க்கு வருகிறது.

இங்கேதான் அழகான இடம். பெட்டிக்குள் அந்தத் திரவம் மறுபடி ஆவியானால்தான் குளிர் பிறக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், வியர்வை மேல் காற்று பட்டால் சிலிர்ப்பதும் இதே காரணத்தால்தான். திரவம் ஆவியாகச் சூடு வேண்டும், அதைப் பக்கத்தில் இருப்பதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆனால் இருபது மடங்கு அழுத்தத்தில் 50 டிகிரி இருந்தால்தானே அம்மோனியா கொதிக்கும்? ஐஸ் போன்ற குளிரில் அது எப்படி ஆவியாகும்?

துணி காய்வதை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனாலும் 30 டிகிரி வெயிலில் கொடியில் போட்ட வேட்டி காய்ந்துவிடுகிறது. சென்னையில் ஐப்பசி மழைநாளில் அதே வேட்டி இரண்டு நாளானாலும் ஈரம் போகாமல் நாறும். பங்குனியில் மதுரையில் ஒரு மணி நேரம் போதும். காற்றின் அழுத்தம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம், காற்றில் ஏற்கெனவே எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதில்தான். தண்ணீருக்கு முக்கியம் காற்றின் மொத்த அழுத்தம் இல்லை, அதில் தன் ஆவியின் பங்கு எவ்வளவு என்பதே.

ஃபிரிட்ஜுக்குள் ஹைட்ரஜன்தான் அந்தப் பங்குனிக் காற்று. திரவ அம்மோனியா வந்து விழும் குழாயில் ஹைட்ரஜன் நிறைந்திருக்கிறது. மொத்த அழுத்தத்தின் பெரும்பங்கை அது சுமந்துகொள்கிறது. அம்மோனியா ஆவியின் பங்கு அங்கே மிகக் குறைவு. அதனால் பூஜ்யத்துக்குக் கீழேயும் அம்மோனியா 'காய' ஆரம்பிக்கிறது. காயும்போது பெட்டிக்குள் இருக்கும் பாலின் சூட்டையும் மாவின் சூட்டையும் இழுத்துக்கொள்கிறது. நம் இட்லி மாவைக் காப்பாற்றுவது இந்த ஒரு படிதான்.

அப்புறம், அம்மோனியா ஆவி கலந்த ஹைட்ரஜன் வெறும் ஹைட்ரஜனைவிடக் கனம், அதனால் தானாகக் கீழே இறங்குகிறது. கீழே ஒரு சுருள் குழாயில், கொதிகலனிலிருந்து வந்த அம்மோனியா குறைந்த தண்ணீர் சொட்டுச்சொட்டாக வழிந்துகொண்டிருக்கும். தண்ணீருக்கு அம்மோனியா என்றால் அவ்வளவு பிரியம், ஆவியை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். துணை போனதும் ஹைட்ரஜன் லேசாகி மேலே ஏறிவிடும். அம்மோனியா நிறைந்த தண்ணீர் கொதிகலனுக்குத் திரும்பும். தீ எரியும்வரை இந்தச் சுற்று ஓயாது.

குமிழி ஏறுகிற அந்த ஓர் இடத்தைத் தவிர, திரவம் எல்லா இடத்திலும் சரிவில் வழிந்துதான் போகிறது. புவியீர்ப்பைத் தவிர அதைத் தள்ள ஆளில்லை. வண்டி சாய்ந்தால் குழாயின் ஏதோ ஒரு வளைவில் திரவம் குட்டையாகத் தேங்கிவிடும். கொதிகலனுக்குத் திரும்ப வேண்டிய தண்ணீர் வராது. தீ மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். காய்ந்த கொதிகலன் அளவுக்கு மீறிச் சூடாகி, அந்த மஞ்சள் உப்பு கட்டிதட்டி மெல்லிய குமிழிக்குழாயை அடைத்துவிடும். ஒரு முறை அடைத்தால் போனது போனதுதான். எங்களுக்கு ஒரே இரவோடு தப்பியது அதிர்ஷ்டம்.

எவ்வளவு சாய்வு தாங்கும்? ஃபிரிட்ஜின் இடவல வாக்கில் 3 டிகிரி, முன்பின் வாக்கில் 6 டிகிரி என்பது தயாரிப்பாளர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது, பலர் கோட்டை விடும் இடம். ஃபிரிட்ஜ் வழக்கமாக வண்டியின் பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கிறது. அதனால் ஃபிரிட்ஜின் இடவலம் என்பது வண்டியின் நீளவாக்கு. வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றால்தான் ஃபிரிட்ஜுக்கு ஆபத்து அதிகம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 5 மீட்டர் இடைவெளி என்றால், முன்பக்கம் 26 சென்டிமீட்டர் தாழ்ந்தாலே 3 டிகிரி வந்துவிடும். ஆகவே ரசமட்டத்தை டேஷ்போர்டில் வைக்காதீர்கள், ஃப்ரீசரின் தரையில் வையுங்கள். ஓடும் வண்டியில் பயம் வேண்டாம், குலுங்கிக் குலுங்கி ஏறி இறங்குவதில் திரவம் ஓரிடத்தில் தேங்காது. மலைச்சரிவில் நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் நடக்கப் போவதுதான் தவறு. அப்படிப் போனால் அணைத்துவிட்டுப் போங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் அதுவரை குளிர் நிற்கும்.

அடுத்தது காற்று. உச்சிக் குழாயில் அம்மோனியா திரவமாக வேண்டுமானால் அங்கே சூடு குறைய வேண்டும் என்று பார்த்தோம். வெளியே 40 டிகிரி, சுவரில் நேர் வெயில், முதுகுப்புறம் காற்று தேங்கிவிட்டது என்றால் அங்கே 50 டிகிரியை எட்டுவது பெரிய விஷயமில்லை. அப்போது தீயை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. மாலை வெயில் படாதபடி ஃபிரிட்ஜ் பக்கத்தை வடக்கிலோ கிழக்கிலோ வைத்து நிறுத்துங்கள். பின்கதவுக்குள் கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற ஒரு சின்ன 12 வோல்ட் விசிறியைப் பொருத்தி, சூடான காற்றை மேலே தள்ளவிட்டால் கோடையில் பெரிய வித்தியாசம் தெரியும். வாங்கிய செலவுக்கு இதைவிடப் பலன் தரும் சாமானை நான் பார்த்ததில்லை.

இந்தப் பெட்டிக்கு அவசரம் தெரியாது. வெறும் பெட்டி குளிரவே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிளம்புவதற்கு முந்தின இரவே வீட்டுக் கரன்டில் போட்டுவிடுங்கள், தீக்குப் பதிலாகக் கரன்டும் அந்தக் கொதிகலனைச் சூடாக்கும். வைக்கிற சாமான் எல்லாம் வீட்டு ஃபிரிட்ஜில் குளிர்ந்தவையாக இருக்கட்டும். சூடான சாம்பாரை உள்ளே வைத்தால் இரண்டு நஷ்டம்: சூட்டை எடுக்க அரை நாள், அதன் ஆவி உள்ளே இருக்கும் தகடுகளில் பனியாக ஒட்டிக்கொள்வது மிச்சம். தட்டு முழுக்க அடைத்தும் வைக்கக் கூடாது, காற்று சுற்ற இடம் வேண்டும். உணவு கெடாமல் இருக்க 4 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு வெப்பமானியை உள்ளே போட்டுவிட்டால் ஊகத்துக்கு வேலையில்லை. கதவு ரப்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு ரூபாய் நோட்டையோ டாலர் நோட்டையோ இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் குளிரும் அந்த வழியாகத்தான் போகிறது.

கேஸ் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். தீ சுமார் 400 வாட் அளவுதான். இடைவிடாமல் எரிந்தாலும் ஒரு நாளைக்கு முக்கால் கிலோவுக்குள் பிராபேன், அதுதான் அந்த சிலிண்டர் கேஸ். 9 கிலோ சிலிண்டர் ஒன்று பன்னிரண்டு நாளுக்குக் குறையாமல் வரும். அதே வேலையை 12 வோல்ட் பேட்டரியில் செய்யும் வசதி சில மாடல்களில் உண்டு. அதை நிறுத்திய வண்டியில் போடாதீர்கள். 12 ஆம்பியர் இழுத்தால், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியின் பாதி நாலு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேஸில் ஓடும்போதும் கட்டுப்பாட்டுச் சர்க்யூட்டுக்குக் கொஞ்சம் 12 வோல்ட் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பேட்டரி செத்தால், சிலிண்டர் நிறைந்திருந்தாலும் தீ அணைந்துவிடும்.

கொலராடோ மாதிரி மலை மாநிலங்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே ஆக்சிஜன் குறைவதால் தீ தடுமாறி அணைவது வழக்கம். லெட்வில் ஊர் 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் கரன்ட் கொடுக்கும் முகாமில் இடம் பிடித்துவிடுவது நல்லது. பெட்ரோல் போடும்போது தீயையும் சிலிண்டரையும் கண்டிப்பாக மூட வேண்டும். பால்டிமோர் துறைமுகச் சுரங்கப்பாதை போன்ற சில வழிகளில் பெரிய பிராபேன் சிலிண்டருடன் போகவே அனுமதி இல்லை. வழியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வந்தால் யோசிக்கவே வேண்டாம். எல்லோரும் வெளியே வாருங்கள், வெளியிலிருந்து சிலிண்டரை மூடுங்கள், காற்று போகவிடுங்கள். அம்மோனியா நுரையீரலைத் தாக்கும், கூடவே வருவது ஹைட்ரஜன், பக்கத்திலேயே தீ.

சூரியத் தகடும் லித்தியம் பேட்டரியும் மலிவாகிவிட்டதால், புது ஆர்விகளில் இப்போது 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ்கள் அதிகமாக வருகின்றன. சாய்வு கீய்வு எதையும் பார்க்காமல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். வார இறுதிக்கு மட்டும் போகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன். மேகம் மூடிய காட்டில் பத்து நாள் தங்குகிறவர்களுக்குத் தீயில் ஓடும் பெட்டிதான் இன்னும் துணை. பழைய வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால், எஞ்சினைப் பார்க்கும் முன் அந்தப் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் இணைப்புகளில் மஞ்சள் தூள் படிந்திருந்தால் உள்ளே இருந்த அம்மோனியா போய்விட்டது, அந்த ஃபிரிட்ஜ் இனிக் குளிராது. புது ஃபிரிட்ஜின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.