குழிமுதுகா, ஓரக்கனமா? ஒரு கோல்ஃப் மட்டைக்குச் சரியான தமிழ்ப் பெயர்

கேவிட்டி-பேக் அயர்ன் என்ற, உலோகத் தலையின் பின்பக்கம் குடைந்த கோல்ஃப் மட்டையைத் தமிழில் ‘குழிமுதுகு இரும்பு’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். யூடியூப் விளக்கங்களிலும் இணையக் கடைகளின் தமிழ்ப் பக்கங்களிலும், வாட்ஸப்பில் சுற்றும் ‘புதிதாக ஆடுகிறவர்களுக்கு’ வகைக் குறிப்புகளிலும் இதே சொல்தான். அதற்கு எதிர்வகையான, பின்பக்கம் குடையாத பிளேடு அயர்னுக்கு ‘கத்தி இரும்பு’ என்று பெயர். போன வாரம் பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்து, “அண்ணா, குழி வாங்கினா கத்துக்குட்டின்னு நெனைப்பாங்க, கத்தியே வாங்கிடட்டுமா?” என்று கேட்டார். ஆட ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகாதவர். அவரைத் தப்பான மட்டை பக்கம் தள்ளியது அந்தச் சொற்கள்தான். கத்தி என்றால் கூர்மை, திறமை. குழி என்றால் ஏதோ குறை, சொத்தை விழுந்த பல்லைப் போல. பெயரைக் கேட்டதுமே மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

முதலில் சொற்களின் பிறப்பு. கேவிட்டி லத்தீனின் ‘காவுஸ்’ என்பதிலிருந்து வந்தது. உள்ளே வெற்றாக இருப்பது என்று பொருள். குகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். பிளேடு பழைய ஆங்கிலத்தில் இலையைக் குறித்தது. ஜெர்மன் மொழியில் இலைக்கு இன்றும் ‘பிளாட்’ என்றே பெயர். நம்மிடமும் இப்படி உண்டு. வேலின் முனையில் இருக்கும் அகன்ற தகட்டைச் சங்கப் பாடல்கள் இலை என்று சொல்லும். வேரைப் பொறுத்தவரை இவ்வளவு போதும்.

இந்த மட்டை ஏன் வந்தது என்று தெரியாமல் அதற்குப் பெயர் வைக்க முடியாது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கார்ஸ்டன் சோல்ஹைம் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். 1959இல் பிங் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் செய்த பட்டர், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை, பந்தில் படும்போது எழுந்த ‘பிங்’ ஓசைதான் நிறுவனத்துக்குப் பெயரானது. பட்டரில் அவர் கண்டுபிடித்த விஷயம் எளிமையானது: தலையின் கனத்தை நடுவிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் வைத்தால், பந்து நடுவில் படாத அடியிலும் தலை அவ்வளவாகத் திரும்புவதில்லை. பிறகு அதே யோசனையை அயர்ன்களுக்கும் கொண்டுபோனார். பின்பக்க உலோகத்தை நடுவில் குடைந்து எடுத்து, அந்தக் கனத்தைச் சுற்று விளிம்புக்கு மாற்றினார். 1982இல் வந்த பிங் ஐ-2 பெரும் வெற்றி பெற்றது. அதன்பின் மற்ற நிறுவனங்களும் இந்த வழிக்கு வந்தன.

அதாவது, குடைந்தது ஒரு வழிமுறை. நோக்கம் கனத்தை ஓரத்துக்குக் கொண்டுபோவது. அயர்ன்களை எண்ணால் குறிப்பார்கள். ஏழாம் எண் அயர்னின் தலை பிளேடாக இருந்தாலும் கேவிட்டி-பேக்காக இருந்தாலும் ஏறத்தாழ 270 கிராம்தான். எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை; இருக்கும் இடம் மட்டும் மாறுகிறது. பள்ளிப் பாடத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்திருப்பீர்கள். சுழலும் அச்சிலிருந்து ஒரு பொருளை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால், திருப்பத்தை அது எதிர்க்கும் அளவு நான்கு மடங்காகும். கழைக்கூத்தாடி கையில் நீளமான கழியைப் பிடித்துக்கொண்டு கயிற்றில் நடப்பதும் இதே கணக்கில்தான்.

இங்கேதான் ‘குழிமுதுகு’ தோற்றுப்போகிறது. பெயர் எதைச் சொல்ல வேண்டுமோ அதை விட்டுவிட்டு, எது இல்லாமல் போனது என்பதைச் சொல்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தானே என்று கேட்பார்கள். ஆமாம், ஆங்கிலப் பெயரும் சரியான பெயர் அல்ல. அவர்கள் ஒன்றைப் பார்த்து வைத்த பெயரின் குறையை நாமும் மூட்டை கட்டிச் சுமக்க வேண்டியதில்லை. புதிதாகப் பெயர் வைக்கும் வாய்ப்பு கிடைத்தவனுக்குத் திருத்திக்கொள்ளும் உரிமையும் உண்டு.

அடுத்து, குழி என்ற சொல்லுக்கு இந்த ஆட்டத்தில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. கோல்ஃபையே தமிழில் குழிப்பந்தாட்டம் என்கிறோம். பந்து போய் விழ வேண்டிய 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓட்டைதான் குழி. 18 குழித் திடல், மூன்றாம் குழி, குழிக்கு இரண்டடி பாக்கி என்று எல்லாவற்றிலும் அந்தச் சொல்தான் வருகிறது. அப்படியிருக்க, ‘ஏழாம் குழியில் குழிமுதுகால் அடித்தார்’ என்று ஒரு வாக்கியம் வந்தால் படிக்கிறவர் என்ன செய்வார்? 2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெங்களூருப் பெண் அதிதி அசோக் நான்காவது இடம் பிடித்தபோது, கோல்ஃபே எழுதாத தமிழ்ப் பத்திரிகைகள்கூட எழுதின. அன்று வாசகர் முதலில் கற்ற சொல் குழிதான். அதைக் குழப்பக் கூடாது.

மூன்றாவது காரணம்தான் என்னைப் பொறுத்தவரை வலுவானது. பின்னால் குழி இருக்கிறதா என்று பார்த்து மட்டையின் குணத்தைச் சொல்லிவிட முடியாது. நல்ல ஆட்டக்காரர்களுக்கென்று செய்யும் சில அயர்ன்களில் சின்னதாக ஒரு குடைவு இருக்கும். தலை சிறியது, அடிப்பாகம் ஒல்லி, நடுவில் படாத அடியைப் பெரிதாகத் தாங்காது. இதுவும் கேவிட்டி-பேக் என்றே விற்கப்படுகிறது. இன்னொரு பக்கம் உள்ளே கூடாகச் செய்து, பின்னால் மூடிவிட்ட அயர்ன்கள் வந்துவிட்டன. வெளியிலிருந்து பார்த்தால் பிளேடு போலவே இருக்கும், குழியே தெரியாது. ஆனால் கனத்தின் பெரும்பகுதி ஓரத்தில்தான். ‘குழிமுதுகு வாங்குங்கள்’ என்ற அறிவுரையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் முதல் வகையை வாங்கி வந்து அவதிப்படுவார், தனக்குப் பொருந்தக்கூடிய இரண்டாவது வகையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். காசும் போகிறது, ஆட்டமும் போகிறது.

அதனால் நான் சொல்வது ஓரக்கனம். ஓரக்கன மட்டை, ஓரக்கன அயர்ன். ‘புறவிளிம்பு எடையூட்டப்பட்ட உலோக மட்டை’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. பொருள் சரிதான், ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பந்து குழியைச் சுற்றியுள்ள கிரீனைத் தாண்டிப் போயிருக்கும். ஓரம் எல்லோருக்கும் தெரிந்த சொல். எடை என்று சொல்லாமல் கனம் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு: எடை தராசு காட்டுவது, கனம் கை உணர்வது. இரண்டு மட்டைக்கும் எடை ஒன்றுதான் என்று மேலே பார்த்தோம். கனம் வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் மறுப்பார்கள். அவர்களுக்கு ஓரநிறை இருக்கிறது. நம் பாடநூல்களும் பொருளின் அளவை நிறை என்றுதான் சொல்கின்றன. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நிறை என்றதும் முழுமை, குறைவின்மை என்ற பொருள்கள்தான் பலருக்கு முதலில் தோன்றும். தூய்மையா தெளிவா என்றால் நான் தெளிவின் பக்கம்.

‘கத்தி’க்கு வருவோம். கத்தி என்றால் முனையில் கூர் வேண்டும். இந்த மட்டையில் கூர் கிடையாது. கூர் இருக்கிறதென்று நினைத்துப் புல்லை வெட்டப் பார்த்தால் மண்ணில்தான் போய்ச் செருகும். அதோடு, பந்தின் நடு உயரத்தில் மட்டையின் கீழ் விளிம்பு பட்டு, பந்து தரையோடு சீறிக்கொண்டு ஓடும் பிசகான அடி ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கும் பிளேடு என்ற சொல்லைத்தான் வினையாக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் கத்தி என்று மொழிபெயர்த்தவர், மட்டையையும் பிசகையும் ஒரே பெயரில் கட்டிவிட்டார்.

அலகு என்று ஒரு நல்ல பழஞ்சொல் இருக்கிறது. வாள், கத்தி முதலியவற்றின் தகட்டுப் பகுதிக்கு அதுதான் சரியான பெயர். ஆனால் இன்றைக்கு அலகு என்றால் பறவையின் மூக்கு, இயற்பியலில் அளவை, ஆடி மாதத்தில் நாக்கில் குத்திக்கொள்வது. நான்காவதாக ஒன்றை அதன் தலையில் ஏற்ற எனக்கு மனமில்லை. இலை அழகான சொல். ஆனால் ‘இலை மட்டை’ என்றால் தென்னையும் பனையும்தான் கண்முன் வரும். மிஞ்சுவது தகடு. ஆட நின்று மேலிருந்து பார்த்தால் இந்த மட்டை ஒல்லியான தகடாகத்தான் தெரியும். பின்பக்கம் கீழ்ப்பகுதியில் கொஞ்சம் பருமனாக இருக்குமே என்றால், உண்மைதான். இருந்தாலும் ஆடுகிறவர் பார்ப்பது மேலிருந்து. தகட்டு மட்டை என்பதே என் முடிவு.

இனி, என் கோபம் முழுவதும் இந்த இரண்டு சொற்களோடு நிற்கவில்லை. ‘மன்னிக்கும் மட்டை’ என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தப் பண்புக்கு மன்னிப்பைக் குறிக்கும் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அதை அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். தமிழில் மன்னிப்பது மனிதரும் கடவுளும். பொருளுக்குத் தாங்குவதுதான் குணம். வண்டி பாரம் தாங்கும், துணி சலவை தாங்கும், மட்டை பிசகு தாங்கும். ‘பிசகு தாங்கும் மட்டை’ என்று சொல்லிப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது. அப்புறம் பந்து பட வேண்டிய சரியான இடத்துக்கு ‘இனிப்புப் புள்ளி’. பதமான இடம் என்று சொல்ல நமக்குத் தெரியாதா? பாகுக்கும் மண்ணுக்கும் இரும்புக்கும் பதம் பார்த்த மொழி இது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது ‘முதலீட்டு வார்ப்பு’. ஓரக்கன மட்டைகளில் பெரும்பாலானவை வார்ப்பில் செய்யப்படுபவை. தகட்டு மட்டைகள் பெரும்பாலும் மிருதுவான கார்பன் எஃகைக் காய்ச்சி அடித்து உருவாக்கப்படுபவை. அந்த வார்ப்பின் ஆங்கிலப் பெயரில் முதலீட்டைக் குறிக்கும் சொல் வரும். அங்கே அதற்கு மேலே பூசி மூடுவது என்று பொருள், பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மெழுகில் உருவம் செய்து, மேலே பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலை ஸ்தபதிகள் சோழர் கால வழியில் இன்றும் செய்கிற அதே மெழுகு வார்ப்பு. உலகம் வியக்கும் நடராசர்களை இந்த முறையில் வார்த்த மக்களின் மொழியில், அதை முதலீடு என்று எழுத எப்படிக் கை வந்தது? அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பாகாது. அந்த வேலை தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்கத் தூரம் போக வேண்டியதும் இல்லை. பெங்களூரில் 1876இலேயே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. இங்குள்ள திடல்களில் பையைச் சுமக்கும் கேடிகளில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. கன்னடமும் தெலுங்கும் கலந்த தமிழ்தான், ஆனால் துல்லியமான தமிழ். “நடுவுல படல சார், நுனியில பட்டுடுச்சு, அதான் தல திரும்பிடுச்சு” என்பார்கள். ஒரே வரியில் முழு இயற்பியலும் வந்துவிடுகிறது. தலையின் வெளி முனையை நுனி என்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளரோ அதைக் ‘கால்விரல் பகுதி’ என்று எழுதுகிறார். மட்டைக்கு ஏது காலும் விரலும்?

சரி, அல்சூர்த் தம்பிக்குச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். வாரம் ஒரு நாள் ஆடுகிறவர் ஓரக்கனத்தைத்தான் வாங்க வேண்டும். பத்து அடியில் பாதி நடுவில் படாது. அந்தப் பாதியைக் காப்பாற்றுவது அதுதான். அடிப்பாகம் அகலமாக இருப்பதால் மழைக்கால ஈரத் தரையில் மண்ணில் புதைவதும் குறையும். கனம் கீழே இருப்பதால் பந்து எளிதாக எழும்பும். தகட்டு மட்டைக்கும் தனிச் சிறப்பு உண்டு: எங்கே பட்டது என்பதைக் கைக்கு உடனே சொல்லிவிடும், பந்தை இடமோ வலமோ வளைத்து அனுப்பக் கை தேர்ந்தவருக்கு வசதியாக இருக்கும். ஆனால் அது நடுவில் அடிக்கத் தெரிந்தவருக்கான வசதி. இன்னொரு விஷயத்திலும் ஏமாறக் கூடாது. ஓரக்கன மட்டையில் பந்து அதிக தூரம் போகிறதென்று கடையில் அடித்துக் காட்டுவார்கள். பழைய பாணித் தகட்டில் ஏழாம் எண்ணின் முகச் சாய்வு 34, 35 பாகை. இன்றைய ஓரக்கனத்தில் பல சமயம் 28லிருந்து 30தான். தூரத்தில் பெரும்பங்கு அந்தச் சாய்வுக் குறைவால் வருவது. எண்ணைப் பார்க்காமல் சாய்வைப் பார்த்து ஒப்பிட வேண்டும்.

இரண்டையும் கலந்து வைத்துக்கொள்வதும் உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர்களே சிறிய எண்கள் கொண்ட நீள அயர்ன்களை மட்டும் ஓரக்கனமாக வைத்திருப்பதைப் பார்க்கலாம். இதற்கு ‘கூட்டிணைவுத் தொகுதி’ என்று ஒருவர் பெயர் சூட்டியிருக்கிறார். தனிப் பெயரே வேண்டாம். “நாலுலேர்ந்து ஏழு வரைக்கும் ஓரக்கனம், எட்டும் ஒன்பதும் தகடு” என்றால் கடைக்காரருக்கும் புரியும், கேடிக்கும் புரியும்.