பன்றியின் நுரையீரலுக்காகக் காத்திருக்க வேண்டாம்

குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி அவர். வயது 58. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு நிதானப்படும்வரை ஒரு வார்த்தை பேச முடியவில்லை. விரல்நுனிகள் உருண்டு தடித்திருந்தன. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், பள்ளிப்பையின் ஒட்டுப்பட்டையைப் பிரிப்பதுபோன்ற சரசரப்பு. நுரையீரலில் நார் படிந்து இறுகும் நோய். ஆறு நிமிடம் நடக்கவைத்தோம்; ரத்த ஆக்சிஜன் 91 சதவீதத்திலிருந்து 79-க்கு இறங்கியது.

உடன் வந்த மகன் கைபேசியை நீட்டினார். "சீனாவில் பன்றி நுரையீரலை மனிதருக்கு வைத்துவிட்டார்களாமே டாக்டர். அது இங்கே வரும்வரை மருந்திலேயே ஓட்டலாமா?"

செய்தி உண்மைதான். குவாங்சோ நகரில், ஆறு மரபணு மாற்றங்கள் செய்த பன்றியின் இடது நுரையீரலை, மூளைச்சாவு அடைந்த 39 வயது ஆணுக்குப் பொருத்தினார்கள். 2025 ஆகஸ்டில் ஆய்வறிக்கை வெளியானது. 216 மணி நேரம், அதாவது ஒன்பது நாள் அது இயங்கியது. பலரும் அந்த எண்ணோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஒரே நாளில் அந்த நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் ஆன்டிபாடிகள், அதாவது அந்நியப் பொருளை எதிர்க்க உடல் செய்யும் புரதங்கள், அதைத் தாக்கிய தடயம் தெரிந்தது. அவருடைய சொந்த வலது நுரையீரல் அப்போதும் உடலுக்குள்தான் இருந்தது.

"என் மைத்துனருக்கு இதயத்தில் பன்றி வால்வு வைத்துப் பத்து வருடம் ஆகிறதே?" என்றார் பெரியவர். நல்ல கேள்வி. அந்த வால்வை ரசாயனத்தில் பதப்படுத்தித்தான் வைக்கிறார்கள். அதில் உயிருள்ள செல் இல்லை. நுரையீரலை அப்படி வைக்க முடியாது. அது உயிரோடு வேலை செய்ய வேண்டும்.

பன்றியின் ரத்தக்குழாய் உட்சுவரில் ஆல்பா-கால் என்ற சர்க்கரை இருக்கிறது. மனிதரிடம் அது இல்லை. ஆனால் நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் சிலவற்றில் இருப்பதால், சிறுவயதிலேயே அதற்கு எதிரான ஆன்டிபாடிகளை உடல் செய்து வைத்துவிடுகிறது. மாற்றம் செய்யாத பன்றி உறுப்பில் நம் ரத்தம் பாய்ந்தால், சில நிமிடங்களிலேயே அவை சுவரில் போய் ஒட்டும். ரத்தத்தில் உள்ள கம்ப்ளிமென்ட் என்ற தற்காப்புப் புரதங்கள் செல்களைத் துளைக்கும். ரத்தம் உறைந்து உறுப்பு கறுத்துவிடும். அந்தச் சர்க்கரைக்கான மரபணுவை நீக்கிய பன்றிகள் 2000-களின் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டன. அதனால் பன்றிச் சிறுநீரகமும் இதயமும் சில படிகள் முன்னேறின. நுரையீரல் பின்தங்கியே நிற்கிறது.

காரணம் அதன் அமைப்பு. காற்றையும் ரத்தத்தையும் பிரிக்கும் சுவர் ஒரு மைக்ரோமீட்டரைவிட மெல்லியது. சிறுநீரகம் கொஞ்சம் வீங்கினாலும் சமாளிக்கும். இங்கே சுவர் கசிந்தால் காற்றறைகள் நீரில் மூழ்கிவிடும். பன்றி நுரையீரலின் ரத்தக்குழாய்களுக்குள்ளேயே குடியிருக்கும் விழுங்கணுக்கள் (அந்நியப் பொருளை விழுங்கும் செல்கள்) வேறு, அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன. ரத்தம் உறைய உதவும் புரதமான வான் வில்லிபிராண்ட் காரணி பன்றியிடமும் உண்டு; அதுவோ, காயமே இல்லாதபோதும் மனிதத் தட்டணுக்களை (ரத்தத்தை உறையவைக்கும் அணுக்களை) பிடித்து ஒட்டவைக்கிறது.

நான் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் மகனிடம் திரும்பினார். "ரப்பர் கன்றில் பலா மொட்டை ஒட்டுக்கட்டினால் பிடிக்குமாடா?" மரத்தில் ஒட்டு பிடிக்காமல் போவதும் உடல் எதிர்த்துப் போரிடுவதும் ஒன்றல்ல. ஆனாலும் இனம் விலக விலகச் சிக்கல் கூடுகிறது என்பதை அவர் கைத்தொழிலிலிருந்தே பிடித்துவிட்டார்.

எனக்கு வருத்தம் வேறொன்றில். இரண்டு வருடம் அவர் ஆஸ்துமா என்று சொல்லப்பட்டு, இருமல் மருந்து குடித்திருக்கிறார். ஒரு சி.டி. ஸ்கேன் எடுக்கப்படவில்லை. எட்டு வாரத்தைத் தாண்டும் வறட்டு இருமலும், மேடேறினால் இரைப்பும் இருந்தால், தயவுசெய்து நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். முந்திரி ஆலைப் புகையிலும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டிலும் வேலை செய்கிறவர்கள் "புகை பழகிவிட்டது" என்கிறார்கள். நுரையீரலுக்குப் பழகுவதில்லை.

மனித நுரையீரல் மாற்று இப்போதே நடக்கிறது. அதிலும் நிராகரிப்பு உண்டு. வாழ்நாள் முழுக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை வேண்டும். ஆனாலும் உலக அளவில் பாதிப்பேர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். காத்திருப்போர் பட்டியலில் சேர, உடல் அறுவையைத் தாங்கும் நிலையில் இருக்கும்போதே போக வேண்டும். படுக்கையில் விழுந்தபின் அனுப்பினால், பல மையங்கள் ஏற்கத் தயங்கும். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிப்பது அரசின் டிரான்ஸ்டான் ஆணையம். அந்த உறுப்புகள் யாரோ ஒரு குடும்பம், மிகக் கொடிய ஒரு நாளில் 'சரி' என்று சொன்னதால் கிடைப்பவை. உங்கள் வீட்டில் இதை இப்போதே பேசி வையுங்கள்.

பெரியவருக்குச் சென்னை மையத்துக்குக் கடிதம் கொடுத்தேன். அடுத்த வாரம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் கிளம்புகிறார்கள். மருத்துவர் சான்றிதழ் இருந்தால் ரயிலில் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுபோகலாம். சான்றிதழின் பின்புறத்தில், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் ஒரு இரவுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று மகனே கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு சிலிண்டர் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.