அரிசி அளவு எழுத்தில் பெயர் கேட்டு வருகிறவர்களுக்கு

பதினான்கு வருடமாகச் சென்னையில் டாட்டூ போடுகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் கேட்பது ஒரு பெயர்தான். அம்மா பெயர், குழந்தை பெயர். "சின்னதா, மணிக்கட்டு ஓரத்துல போட்டுடுங்கண்ணா" என்று போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். போட்டு முடித்த கையோடு எடுத்த படமாக இருக்கும். ஐந்து வருடம் கழித்து அந்தக் கை எப்படி இருக்கிறது என்று யாரும் படம் போடுவதில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் கேட்டபடியே போட்டேன். ஒரு பெண்ணுக்கு அவருடைய பாட்டி பெயர், 'கண்ணம்மாள்' என்று, அரிசி அளவு எழுத்தில். ஏழு வருடம் கழித்து அவர் திரும்பி வந்தார். இரண்டு ணகரத்தின் சுழிகளும் அடைத்துப்போயிருந்தன. மேலிருந்த புள்ளி கீழே இறங்கிச் சுழியோடு ஒட்டியிருந்தது. "பாட்டி பேரைப் படிக்கவே முடியலண்ணா" என்றார். கோபப்படாமல் சொன்னார். அதனால்தான் இன்றுவரை மனதில் கிடக்கிறது.

ஊசி மையை மேல்தோலில் வைப்பதில்லை. அதற்குக் கீழே, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்தோலில் வைக்கிறது. அங்கே உடலின் காவல் செல்கள் மைத்துகளை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் செத்தால் அது விட்ட மையைப் புதிதாக வரும் செல் எடுத்துக்கொள்கிறது. 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைக் காட்டினார்கள். மை அசையாமல் கிடக்கும் இடமல்ல அது. வருடம் போகப்போகக் கோடு தடிக்கும். தடிக்க இடமில்லாத எழுத்து மூடிக்கொள்ளும். சுழியும் கொம்பும் புள்ளியும் உள்ள நம் எழுத்துக்கு இது பெரிய ஆபத்து. இப்போது ஓர் எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரமாவது இல்லாவிட்டால் நான் ஊசி எடுப்பதில்லை.

என் ஆத்தாவின் முன்கையில் பச்சைக் கோலம் இருந்தது. ஊருக்கு வந்த குறத்தியம்மா குத்தியது. மஞ்சள் பொடியும் அகத்தி இலையும் துணியில் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரித்து, சட்டியில் படியும் கரியைச் சுரண்டி எடுப்பார்கள் என்பது அந்தக் காலத்துப் பக்குவம். கறுப்புக் கரிதான், தோலுக்கடியில் பச்சையாகத் தெரியும். ஆத்தா சாகும்வரை அந்தக் கோலத்தில் ஒரு கோடும் இன்னொன்றோடு சேரவில்லை. அந்த அம்மா இடம்விட்டுக் குத்தியிருந்தார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குக் கிடைக்காத பாடம் அந்தக் கையில் இருந்தது.

ஆனால் ஒரே ஊசியைப் பலருக்கும் குத்திய பழக்கத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட வேண்டும். திருவிழாக் கூட்டத்திலும் கடற்கரையிலும் இன்றும் அதைப் பார்க்கிறேன்; பதறுகிறது. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடிருக்கும். துடைத்துவிட்டால் போகாது. ஊசி இருக்கும் கார்ட்ரிட்ஜை உங்கள் கண்முன் உறை பிரிக்கச் சொல்லுங்கள், உறையில் காலாவதித் தேதியைப் பாருங்கள். மையைச் சின்னக் கிண்ணத்தில் உங்களுக்கென்று தனியாக ஊற்ற வேண்டும், மிச்சம் குப்பைக்குப் போக வேண்டும். மையில் குழாய்த் தண்ணீர் கலந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இதைக் கேட்டதற்கு ஒருவர் முகம் சுளித்தால் அந்தக் கடை வேண்டாம்.

போட்டபின் ஒரு வருடம் ரத்ததானம் செய்ய முடியாது. சீருடை வேலைக்குத் தயாராகும் தம்பிகள் அறிவிப்பில் டாட்டூ விதியைப் படித்துவிட்டு வாருங்கள்; எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்றெல்லாம் கட்டுப்பாடு உண்டு. லேசரில் அழித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் மட்டும் வராதீர்கள். பல முறை, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் போக வேண்டும். அப்படியும் நிழல் தங்கலாம்.

இன்னொன்று. பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புகிறார்கள், எழுத்துரு மாறியதில் 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடக்கின்றன. அதை அப்படியே குத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் காகிதத்தில் கையால் எழுதித் தரச் சொல்கிறேன், குத்துவதற்கு முன் தோலில் பதிக்கும் ஸ்டென்சில் என்ற மாதிரி வரைவை ஒட்டியபின் கண்ணாடியில் பார்க்காமல் நேராகக் கையைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் பாட்டி கையெழுத்துப் போட்ட பழைய பாஸ்புக் ஒன்று இருந்தது. மணிக்கட்டில் இருந்ததை ஒரு செம்பருத்திக்குள் மறைத்தேன். பாஸ்புக்கில் இருந்த கோணல் எழுத்தைப் பெரிதாக்கி, ணகரத்தின் மூன்று சுழிகளுக்கும் இடம்விட்டு, முன்கையில் போட்டேன். காசு வாங்கவில்லை.